சுவரைத் தொடாத தூரிகை

எகிப்தில் லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரைக் குன்றுகளில் நூற்றுக்கணக்கான கல்லறைகள் குடையப்பட்டிருக்கின்றன. 1920-களில் அங்கே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக இருவர் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஹாரி பர்ட்டன். துட்டன்காமன் கல்லறையைப் படம்பிடித்து உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர் இவர்தான். இன்னொருவர் நினா டேவிஸ். அவர் கையில் தூரிகை. கல்லறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் இருக்கும் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளில் அப்படியே தீட்டுவது அவருடைய வேலை.

பொத்தானை அமுக்கினால் படம் விழுந்துவிடும் காலத்தில் ஒருவர் ஏன் நாள்கணக்கில் உட்கார்ந்து நகல் தீட்ட வேண்டும்? அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு நகலைப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். கையால் தீட்டிய நகல் அசலைப் போல இருக்குமே தவிர, அதில் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது என்றும் தோன்றும். எனக்கு இதற்கு நேரெதிரான கருத்து. ஓர் ஓவியம் எப்படி உருவானது என்பதை அறிய, அதை மறுபடி தீட்டிப் பார்ப்பதைப் போன்ற கருவி வேறில்லை.

கேமரா தவறவிட்டது

முதல் பதில் எளிது. பர்ட்டனின் கேமராவுக்குள் இருந்தவை கறுப்பு வெள்ளைக் கண்ணாடித் தகடுகள். அந்தக் காலத்துத் தகடுகளில் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. காவிச் சிவப்பில் தீட்டிய ஆணின் உடல் அதில் கருத்துப்போகும், நீலம் வெளிறிப்போகும். லூமியேர் சகோதரர்களின் வண்ணத் தகடு 1907-இலேயே கடைக்கு வந்துவிட்டது என்றாலும், அதற்கு ஒளி நெடுநேரம் தேவைப்பட்டது. எடுத்த படமும் ஒற்றைத் தகடாகவே நிற்கும். நூலுக்காகப் பல பிரதிகள் எடுப்பது பெரும்பாடு.

ஆனால் வண்ணம் மட்டுமே காரணம் என்றால், நல்ல வண்ணப் படச்சுருள் வந்த நாளிலேயே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேமராவுக்கு எல்லாமே ஒன்றுதான். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓவியர் இழுத்த கோடு, பிற்காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள் மூட்டிய அடுப்பின் கரி, வௌவாலின் எச்சம், சாந்தில் விழுந்த விரிசல் ஆகிய அனைத்தையும் அது ஒரே மதிப்பில் பதிவு செய்யும். நகல் தீட்டுபவரால் அப்படி விட முடியாது. ஒவ்வொரு கறையிலும் நின்று, இது தூரிகை போட்டதா, காலம் போட்டதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யாமல் அடுத்த அங்குலத்துக்குப் போக முடியாது.

சுவரில் என்ன இருக்கிறது?

இந்த வேலையின் சிக்கல் புரிய வேண்டுமானால் சுவரின் உடற்கூறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

அந்தக் குன்றுகளின் சுண்ணாம்புப் பாறை பல இடங்களில் நொறுங்கும் தன்மையுள்ளது. அதனால் பாறையின் மேல் வைக்கோல் கலந்த களிமண் சாந்தைப் பூசினார்கள். அதன்மேல் மெல்லிய ஜிப்சம் பூச்சு. அதற்கும் மேல்தான் வண்ணம். சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து வந்தன, கறுப்பு கரியிலிருந்து. நீலத்தை மட்டும் தயாரிக்க வேண்டியிருந்தது. மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது ஆகியவற்றோடு உருகுவதற்குக் கொஞ்சம் உவர்மண் உப்பு சேர்த்து, ஏறத்தாழ 850 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நீலக் கட்டி கிடைக்கும். ‘எகிப்திய நீலம்’ என்று இன்று அழைக்கப்படும் இது, மனிதர் செயற்கையாகச் செய்த வண்ணங்களில் மிகப் பழமையானது.

இந்தப் பொடிகளைச் சுவரில் ஒட்டவைத்தது தாவரப் பிசின் அல்லது விலங்குப் பசை. சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை இழுத்து, சுண்ணாம்போடு சேர்ந்து இறுகவைக்கும் முறை இங்கே இல்லை. காய்ந்த பரப்பின் மேல் பசை கலந்த வண்ணம், அவ்வளவுதான். பசை தண்ணீரில் இளகும். மூவாயிரம் ஆண்டு வறட்சிதான் அந்த ஓவியங்களைக் காப்பாற்றியது. ஒரு ஈரத்துணி போதும், அவற்றை அழிக்க.

காப்பாற்ற வந்தவர்களின் காயங்கள்

1817-இல் இத்தாலியரான ஜோவன்னி பெல்சோனி, அரசர்களின் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்தார். வண்ணம் தீட்டிய புடைப்புச் சிற்பங்கள் நேற்று முடித்தவை போல இருந்தன. அதை ஐரோப்பாவுக்குக் காட்ட விரும்பிய அவர், மெழுகும் பிசினும் நுண்தூளும் கலந்த கலவையைச் சுவரில் அழுத்தி அச்செடுத்தார். 1821-இல் லண்டனின் பிக்கடிலியில் நடந்த அவருடைய கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. கல்லறைச் சுவரிலோ, அச்சை உரித்தபோது வண்ணமும் உரிந்து வந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஈரத்தாளை ஒட்டி அச்செடுத்தார்கள், மிச்சமிருந்ததும் போயிற்று. நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பதும் ஈரத்தாளைக் கல்லில் அடித்துப் படியவைத்துத்தான். வெறுங் கருங்கல் அதைத் தாங்கும். பசை வண்ணம் தாங்காது.

அதே பெல்சோனியும் அவருடைய தோழர் அலெசாண்ட்ரோ ரிச்சியும் அந்தச் சுவர்களைப் பார்த்து நீர்வண்ணப் படங்களும் தீட்டினார்கள். அவற்றில் பல இன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அச்செடுப்பு பறித்த வண்ணங்கள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று அந்தத் தாள்களே சாட்சி. தொட்டு எடுத்த நகல் சுவரைக் கெடுத்தது, தொடாமல் தீட்டிய நகல் தகவலைக் காத்தது. ஒரே கல்லறையில், அதே ஆட்களின் கையில் இரண்டும் நடந்தன.

தொடுவதில் இன்னொரு வகை கேடும் உண்டு. 1891-இல், பெனி ஹசன் கல்லறைகளில் படியெடுக்க பதினேழு வயதுப் பையன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து வந்தான். சுவரில் தாளை விரித்து உருவங்களின் வெளிக்கோட்டைத் தடமெடுப்பது அங்கே வழக்கம். பின்னர் அந்தத் தாள்கள் இங்கிலாந்துக்குப் போகும். சுவரையே பார்த்திராதவர்கள் அவற்றின் உள்ளே மை நிரப்புவார்கள். நன்றாக வரையத் தெரிந்த அந்தப் பையனுக்கு இது பொறுக்கவில்லை. சுவருக்கு எதிரே நின்று, கண்ணால் பார்த்துக் கையால் வரைவதே முறை என்று கடைசிவரை வாதிட்டான். அவன் பெயர் ஹோவர்ட் கார்ட்டர். 1922-இல் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த அதே கார்ட்டர்தான்.

ஒரே முதலெழுத்து, இரு கைகள்

நினா 1881-இல் தெசலோனிகியில் பிறந்தவர், ஆங்கிலேயர். 1907-இல் நார்மன் டி கேரிஸ் டேவிஸை மணந்து அவரோடு எகிப்துக்கு வந்தார். நார்மன் முன்பு கிறித்தவப் போதகராக இருந்தவர். கல்லறைகளின் எழுத்துகளையும் உருவங்களையும் கோடாகப் பதிவு செய்வதில் அவருக்கு நிகரில்லை. இருவரும் குர்னா கிராமத்தில், கல்லறைகளுக்கு நடுவிலேயே தங்கினார்கள். கோடு நார்மனின் பொறுப்பு, வண்ணம் பெரும்பாலும் நினாவின் பொறுப்பு. இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. அதனால் நினா தீட்டியவை கணவர் கணக்கில் எழுதப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். அந்தக் கைக்கு உரிய பெயரை நாம் சொல்லியாக வேண்டும்.

அதே கல்லறைகளில் வேலை பார்த்த எர்னஸ்ட் மக்கே, சுவர்களில் மங்கித் தெரிந்த சிவப்புக் கட்டக் கோடுகளை அளந்து 1917-இல் கட்டுரை எழுதினார். எகிப்திய ஓவியர்கள் சிவப்புச் சாயம் தோய்த்த நூலைச் சுண்டிச் சுவரில் கட்டங்கள் இட்டு, உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டங்களில் ஒரு நின்ற உருவத்தை அடக்கினார்கள். பிற்பாடு மொகஞ்சதாரோவை அகழ்ந்தவரும் இதே மக்கேதான்; சிந்துவெளி நூல்களில் நாம் பார்த்த பெயர்.

நினா பயன்படுத்தியது டெம்பரா. இது ஒளி ஊடுருவாத, அடியில் இருப்பதை முழுக்க மூடும் வண்ணம். இந்தத் தேர்வில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நீர்வண்ணம் ஊடுருவித் தெரிவது. அதில் வெண்மை என்பது வண்ணம் படாத தாள். எகிப்தியர் சுவரிலோ வெண்மையும் தனியாகப் பூசிய ஒரு பொருள்தான், அதற்குத் தடிமன் உண்டு. ஆகவே தாளை வெறுமையாக விடாமல், சுவரின் பின்புல நிறத்தை முதலில் முழுக்கப் பூசிவிட்டு, அதன்மேல் உருவங்களை ஏற்றினார் நினா. பெரும்பாலும் அசலின் அளவிலேயே. இத்தகைய நகலை இங்கே ‘நேர்ப்பிரதி’ என்று அழைக்கிறேன்: அசலின் அளவையும் நிறத்தையும் மட்டுமின்றி, அசல் உருவான வரிசையையும் பின்பற்றும் பிரதி.

நெபாமுனின் பூனை

ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரிலிருந்து பெயர்த்த 11 துண்டுகள் இருக்கின்றன. கோயில் தானியக் கணக்கைப் பார்த்த எழுத்தர் அவர். காலம் கிமு 1350-ஐ ஒட்டியது. 1821-இல் துண்டுகள் லண்டன் வந்து சேர்ந்தன. பெயர்த்தவர் இடத்தை வெளியே சொல்லவில்லை. அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்தத் துண்டுகளையும் நினா நகலெடுத்தார். ஆலன் கார்டினர் 1936-இல் பதிப்பித்த பெருந்தொகுப்பின் 104 வண்ணத் தகடுகளில் அவையும் அடங்கும்.

ஒரு துண்டில் நெபாமுன் பாப்பிரஸ் படகில் நின்று சதுப்பில் பறவை வேட்டையாடுகிறார். அவர் எதிரே, பாப்பிரஸ் தண்டுகளின் மேல் எம்பி நிற்கிறது ஒரு பூனை. வாயில் ஒரு பறவை, முன்கால் நகங்களில் ஒன்று, பின்கால் நகங்களில் இன்னொன்று.

இதை நகலெடுக்க உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நம் எல்லோருடைய கையும் வெளிக்கோட்டை வரைந்து உள்ளே நிறம் நிரப்பத்தான் போகும். பள்ளியில் பழகியது அப்படி. அப்படிச் செய்தால் பூனை செத்துவிடும். கோட்டுக்குள் அடைபட்ட நிறம் விறைப்பாக நிற்கும். அசலை நெருங்கிப் பார்த்தால் வரிசை வேறு என்று தெரியும். சிவப்பில் தளர்வான முதல் வரைவு. அதை மூடிக்கொண்டு உடலின் மஞ்சள் பழுப்பு, ஒரே பரப்பாக. அது காய்ந்தபின் அதன்மேல் பட்டைகள். பிறகு மெல்லிய தூரிகையில் ரோமம், ஒவ்வொரு இழையாக. எல்லாம் முடிந்த பிறகே வெளிக்கோடு. அந்தக் கடைசிக் கோடு நிறத்தின் ஓரத்தைச் சில இடங்களில் சற்று உள்ளே தள்ளிப் போகும், சில இடங்களில் சற்று வெளியே. இந்தச் சிறு விலகலில்தான் பூனை எம்புகிறது.

அடுத்தது ரோமம். வயிற்றுப் பக்கத்து இழைகளை எந்தத் திசையில் இழுத்தார்? தூரிகையில் வண்ணம் நிறைந்திருக்கும்போது இழை தடித்துத் தொடங்கும். தீரத் தீர மெலியும். மறுபடி தோய்த்ததும் தடிக்கும். பின்தொடர்ந்து தீட்டும் கைக்கு இந்தத் தடிப்பும் மெலிவும் தெரியாமல் போகாது. இழைகள் எந்த வரிசையில் விழுந்தன, ஓவியர் எங்கே நிறுத்தித் தூரிகையை மறுபடி தோய்த்தார் என்பதுவரை ஊகிக்கலாம். பார்வையாளராக நின்றிருந்தால் நாம் ‘அழகான பூனை’ என்று நகர்ந்திருப்போம்.

கண்ணுக்கு வரும்போது கை நின்றுவிடும். இந்தப் பூனையின் கண்ணில் தங்க ரேக் ஒட்டப்பட்டிருக்கிறது. தங்கம் எல்லாத் திசைக்கும் ஒரே நிறத்தைத் தருவதில்லை. நாம் நகர்ந்தால் அதுவும் மின்னி அடங்கும். மஞ்சள் வண்ணம் வைத்தால் எந்தக் கோணத்திலும் மஞ்சள்தான். புகைப்படமும் ஒரு கோணத்தைப் பிடித்து மற்றவற்றை இழக்கும். இங்கே நேர்ப்பிரதிக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வெளிச்சத்தில் நீலம்?

நிறத்தைப் பொருத்துவதில் பெரிய சிக்கல் வெளிச்சம். ஜவுளிக்கடைக் குழல்விளக்கில் புடவைக்கு அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இரண்டு சாயங்கள் வேறு வேறு வேதிப்பொருள்களால் ஆனவை என்றால், ஒளியில் அவை விழுங்குவதும் திருப்பியனுப்புவதும் வேறு வேறாக இருக்கும். ஒரு விளக்கின் கீழ் நம் கண்ணுக்கு அவை தற்செயலாக ஒன்றுபோலத் தெரியலாம். விளக்கு மாறினால் குட்டு வெளிப்படும். இதை ‘இணைநிற மயக்கம்’ எனலாம்.

கல்லறைக்குள் இருட்டு. வாசலில் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்புவது அக்காலத்து வழக்கம். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்த வேண்டும். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் பொருத்திய நீலம் பகலில் பச்சையாகத் தெரியும் அபாயம் இருந்தது. ஆகவே நகலெடுப்பவரின் திறமையில் பாதி கையில், பாதி ‘எந்த ஒளியில் முடிவு செய்வது’ என்ற கட்டுப்பாட்டில்.

எகிப்திய நீலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அது நொறுக்கிய கண்ணாடி போன்ற படிகப் பொடி. கொரகொரப்பாக இருந்தால் ஆழ்ந்த நீலம். நைசாக அரைக்க அரைக்க வெளிறும். ஒரே கட்டியை வேறு வேறு அளவுக்கு அரைத்தே ஓவியர் கருநீலமும் வெளிர்நீலமும் பெற முடியும். குழாயிலிருந்து பிதுக்கிய இன்றைய வண்ணத்தில் இதைப் பொருத்த வேண்டுமானால் வெள்ளை கலக்க வேண்டும். நிறம் கிடைக்கும், மினுமினுக்கும் மணல்தன்மை கிடைக்காது.

இன்று இந்த நீலத்தைக் கண்டுபிடிக்க அருமையான வழி இருக்கிறது. அதன்மேல் சாதாரண ஒளி பட்டால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது உமிழும். அகச்சிவப்பை உணரும் கேமராவில், சுவரில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருக்கும் ஒற்றைத் துகள்கூட நட்சத்திரமாக மின்னும். இன்றைய நீலச் சாயங்கள் பெரும்பாலும் அப்படி ஒளிர்வதில்லை. ஒரு நகலையும் அசலையும் அந்தக் கேமராவின் முன் வைத்தால், கண்ணை ஏமாற்றிய ஒற்றுமை அங்கேயே கலைந்துவிடும்.

சேதத்தை வரைவதா?

மூக்கு உதிர்ந்த முகத்துக்கு நகலில் மூக்கு வைக்கலாமா? 19-ஆம் நூற்றாண்டில் பலர் வைத்தார்கள். பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும். எது எகிப்தியரின் கோடு, எது நகலெடுத்தவரின் கற்பனை என்று பிரிக்க முடியாது. நினாவின் பல நகல்களில் விரிசலும் உதிர்ந்த சாந்தும் உருவங்களைப் போலவே பொறுமையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. இதுவே சரி என்பது என் கட்சி. காரணம் நேர்மை மட்டுமில்லை. தேதியிட்ட சேதம் ஓர் அளவுகோல். 1920-இல் விரிசல் இங்கே முடிந்தது என்று நகல் சொன்னால், இன்று அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கலாம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திடம் இருக்கும் 350-க்கும் மேற்பட்ட நேர்ப்பிரதிகள் இந்த வகையில் ஒரு மருத்துவப் பதிவேடும்கூட.

ஒரே ஆளின் கண்ணை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி நியாயமானது. லக்ஸரில் 1924-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிரெஸ்டெட் தொடங்கிய குழு அதற்கு ஒரு வழி கண்டது. பெரிதாக்கிய புகைப்படத்தின் மேலேயே ஓவியர் சுவருக்கு முன் நின்று வரைவார். மையிட்டபின் புகைப்படத்தை வெளுத்து நீக்குவார்கள், கோடு மட்டும் மிஞ்சும். பிறகு எழுத்தறிஞர்கள் அதைச் சுவரோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். இன்று தாளுக்குப் பதில் கணினிப் பலகை வந்திருக்கிறது. சுவருக்கு முன் நிற்பது மட்டும் மாறவில்லை.

துட்டன்காமனுக்கு இரண்டாவது அறை

2009-இல் மாட்ரிட் நகரின் ஃபாக்டம் ஆர்ட்டே நிறுவனத்தார் துட்டன்காமனின் புதையறைக்குள் கருவிகளோடு இறங்கினார்கள். லேசர் கற்றை சுவரைத் தொடாமல் வருடி, மேடுபள்ளத்தை மயிரிழைக்கும் நுட்பமாக அளந்தது. தனியாக வண்ணப் படங்களும் எடுக்கப்பட்டன. அத்தனை கருவிகளுக்கும் பிறகு, இணைநிற மயக்கத்தை வெல்ல அவர்களும் பழைய வழிக்கே வந்தார்கள். சுவருக்கு அருகில் நின்று கையால் வண்ணம் கலந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் மாதிரித் துண்டு தீட்டி, அதோடு ஒப்பிட்டே அச்சின் நிறத்தைத் திருத்தினார்கள். அச்சிட்டது தட்டைத் தாளில் இல்லை. வளையும் மெல்லிய தோல் போன்ற பரப்பில். அதைக் கடைந்தெடுத்த மேடுபள்ளத்தின் மேல் போர்த்தினார்கள்.

அசல் சுவரெங்கும் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. பார்வையாளர் மூச்சால் பரவும் பூஞ்சையோ என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. கெட்டி பாதுகாப்பு நிறுவனம் அவற்றை ஆராய்ந்து, முன்பே செத்துப்போன நுண்ணுயிர்கள் விட்ட கறை என்று கண்டது. பர்ட்டன் 1920-களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது புள்ளிகள் பெருகவில்லை என்பதும் உறுதியானது. வண்ணத்துக்குள்ளேயே ஊறிவிட்டதால் அவற்றை நீக்கவும் முடியாது. நகலிலும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் இருக்கின்றன.

2014 ஏப்ரல் 30-இல், கார்ட்டர் குடியிருந்த வீட்டுக்கு அருகே நிலத்தடியில் இந்த நகல் அறை திறக்கப்பட்டது. அங்கே அசலில் இல்லாத ஒன்றும் உண்டு. புதையறையிலிருந்த பெரிய தங்கப் பேழைகளை வெளியே எடுக்க வழிசெய்தபோது கார்ட்டர் தெற்குச் சுவரின் ஒரு பகுதியை உடைக்க நேர்ந்தது. அரசரை வரவேற்கும் இசிஸ் தேவியும், பின்னால் அமர்ந்த மூன்று சிறு தெய்வங்களும் அந்தப் பகுதியில் இருந்தார்கள். உடைப்பதற்கு முன் பர்ட்டன் அதைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தின் கோடுகளையும், எஞ்சிய சுவர்களில் கையால் பொருத்தி எடுத்த வண்ணங்களையும் சேர்த்து அந்தத் துண்டை மறுபடி உருவாக்கி, நகல் அறையோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் அசல் கல்லறைக்குப் போகிறவர்கள் இசிஸைத் தெற்குச் சுவரில் தேடினால் கிடைக்கமாட்டார். அவரைப் பார்க்க இந்த நகல் அறைக்குத்தான் வர வேண்டும்.